அடித்து ஆடுவதும் அடங்கி ஆடுவதும்

நம்மிடையே இரண்டு பழமொழிகள் உண்டு. 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்பது ஒன்று. 'பதறாத காரியம் சிதறாது' என்பது மற்றையது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றை ஒன்று மறுப்பவை போலத் தோன்றும். ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் ஒரே வாயால், சில வேளைகளில் ஒரே நாளிலேயே சொல்லியிருக்கிறார்கள். எந்த வேளைக்கு எது பொருந்தும் என்று அறிந்திருந்ததுதான் அவர்களுடைய அனுபவம்.

கிரிக்கெட் வீரர் ஒருவர் ஓய்வுபெறும்போது பத்திரிகைகளில் ஒரு வசனம் தவறாமல் இடம்பெறும். 'இளமையில் அடித்து ஆடியவர், முதிர்ந்தபின் நிதானத்தைக் கற்றுக்கொண்டார்' என்பதே அது. செய்தி மேசையில் கழிந்த ஆண்டுகளில் இந்த வசனம் எத்தனை பேருக்காக என் கண் முன்னே அச்சேறியது என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆளின் பெயர் மட்டும் மாறும். இலங்கையின் அரவிந்த டி சில்வாவுக்கும் இதையே எழுதினார்கள். அவருடைய ஆட்டத்தின் கணக்குகளை அண்மையில் மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். அந்த வசனம் அவருக்குப் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாக ஓர் அறிமுகம். 1965 ஒக்டோபரில் கொழும்பில் பிறந்தவர் அரவிந்த. 1984இல் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இலங்கை ஆடிய முதலாவது டெஸ்ட் போட்டிதான் அவருக்கும் முதலாவது டெஸ்ட். 93 டெஸ்ட் போட்டிகளில் 6361 ஓட்டங்களும் 20 சதங்களும், 308 ஒருநாள் போட்டிகளில் 9284 ஓட்டங்களும் பெற்று 2003இல் ஓய்வு பெற்றார். உருவத்தில் குட்டையானவர். உயர்ந்து வரும் பந்தைக் கண்டு ஒதுங்காமல் இடது பக்கமாக இழுத்து அடிப்பதில் சூரர். அந்த அடியின்மீது அவருக்கிருந்த ஆசையே 'மேட் மாக்ஸ்' என்ற பட்டப்பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது. அதில் பாசமும் இருந்தது, கண்டனமும் இருந்தது.

கண்டனம் உச்சத்தை எட்டிய நாள் ஒன்று உண்டு. 1992 ஓகஸ்ட் மாதம், கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம். எதிரணி அவுஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் அவுஸ்திரேலியாவை 256 ஓட்டங்களுக்குள் சுருட்டிவிட்டு, அசங்க குருசிங்க, அர்ஜுன ரணதுங்க, தன் முதல் டெஸ்டில் ஆடிய களுவிதாரண ஆகிய மூவரின் சதங்களோடு 547 ஓட்டங்களைக் குவித்திருந்தது இலங்கை. இரண்டாவது இன்னிங்ஸில் அவுஸ்திரேலியா 471 எடுத்து மீண்டது. அதன் பின்னரும் இலங்கைக்குத் தேவைப்பட்டது 181 ஓட்டங்கள் மட்டுமே. இரண்டு விக்கெட்டுகளை மட்டும் இழந்து 127 வரை வந்துவிட்டார்கள். இன்னும் 54 ஓட்டங்கள் எடுத்தால் போதும். அவுஸ்திரேலியாவை டெஸ்டில் முதன்முறையாக வெல்லும் வாய்ப்பு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

அப்போது அரவிந்த 32 பந்துகளில் 37 ஓட்டங்கள் எடுத்திருந்தார். கிரெய்க் மெக்டெர்மொட் வீசிய பந்தை உயர்த்தி அடித்தார். அணித் தலைவர் அலன் போர்டர் பின்னோக்கி ஓடி அந்தப் பந்தைப் பிடித்துவிட்டார். அதன் பிறகு நடந்ததைக் கொழும்பில் அந்தக் காலத்துப் பெரியவர் யாரைக் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார். எட்டு விக்கெட்டுகள் 37 ஓட்டங்களுக்குள் சரிந்தன. இலங்கை 164க்கு ஆட்டமிழந்தது. தோல்வி 16 ஓட்டங்களால். கடைசி மூன்று விக்கெட்டுகளையும் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் வீழ்த்தியவர், அதுவரை பெரிதாக எதையும் சாதித்திராத ஷேன் வோர்ன் என்ற இளைஞர்.

எட்டு விக்கெட்டுகள் சரிந்தன என்றாலும் பழி முழுவதும் ஒருவர் தலையில்தான் விழுந்தது. பொறுப்பற்ற ஆட்டம், தேவையற்ற அடி, நாட்டின் வெற்றியைக் கைநழுவ விட்டவர் என்றெல்லாம் பேசப்பட்டது. இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பிடுபவர் ஆட்டம் முடிந்த பிறகே தலைப்பிடுகிறார். உயர்த்தி அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் அது 'அதிரடி'. அதே பந்து கையில் விழுந்தால் 'அவசரக் குடுக்கை'. ஒதுங்கி ஆடி வென்றால் 'நிதானம்', அப்படியே ஆடித் தோற்றால் 'மந்தம்'. அடைமொழிகளைத் தீர்மானிப்பது முடிவு. துடுப்பைப் பிடித்து நிற்பவருக்கோ முடிவு தெரியாது. பந்து கையைவிட்டுப் புறப்பட்டபின் அரை நொடிக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும்.

அப்படியானால் 1992இல் நடந்தது என்ன? அரவிந்த வேகமாக ஆடியதுதான் குற்றமா? அதைச் சொல்வதற்கு முன், அவரைப் பற்றிய வழமையான கதையில் உள்ள ஓர் ஓட்டையைப் பார்த்துவிடலாம்.

இளமையில் அவருக்குப் பொறுமை கிடையாது என்பதே அந்தக் கதையின் முதற்பாதி. ஆனால் 1985 ஒக்டோபரில், 20 வயது நிரம்பிய அதே வாரத்தில், இம்ரான் கானும் அப்துல் காதிரும் ஆடிய பாகிஸ்தான் அணிக்கு எதிராக பைசலாபாத்தில் 122 ஓட்டங்கள் எடுத்தவர் இவர். 1989 டிசெம்பரில் பிரிஸ்பேனில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 167. 1991இல் வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக 267. சனத் ஜயசூரிய 1997இல் 340 எடுக்கும்வரை இலங்கையர் ஒருவர் டெஸ்டில் பெற்ற அதிகபட்ச ஓட்டம் அதுதான். அந்த வெலிங்டன் போட்டியில் மார்ட்டின் குரோ 299இல் ஆட்டமிழந்த கதையைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பொறுமையற்ற ஒருவரால் 267 ஓட்டங்கள் எடுக்க முடியாது. எனவே 1992இல் அவரிடம் நிதானம் இல்லாமல் இருக்கவில்லை. இருந்ததை அந்த ஒரு பந்துக்கு அவர் எடுக்கவில்லை.

கதையின் இரண்டாம் பாதி இங்கிலாந்தில் நிகழ்கிறது. 1995இல் கென்ட் பிராந்திய அணிக்காக ஒரு பருவம் முழுவதும் ஆடினார். குளிரிலும் ஈரமான ஆடுகளத்திலும் வளைந்து நெளிந்து வரும் பந்துகளை நாள்தோறும் சந்தித்தார். அந்தப் பருவமே அவரை முதிர்ந்த ஆட்டக்காரராக மாற்றியது என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதே பருவத்தில் லோர்ட்ஸில் நடந்த பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் கிண்ண இறுதிப் போட்டியில் அவர் 95 பந்துகளில் 112 ஓட்டங்கள் எடுத்தார். கென்ட் தோற்றது. இருந்தும் ஆட்டநாயகன் விருது அவருக்கே போனது. அடங்கி ஆடக் கற்றவர் ஆடிய ஆட்டமா அது?

இனி 1996 மார்ச் மாதத்துக்கு வருவோம். அந்த மாதத்தை நம்மில் பலரால் கிரிக்கெட்டை மட்டும் வைத்து நினைவுகூர முடியாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுச் செம்மணி வெளியால் நடந்து போயிருந்தார்கள். 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் தகர்ந்தது. அதைக் காரணம் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. அந்த அணிக்காகக் கைதட்டுவதா என்ற கேள்வி தமிழ் வீடுகளில் எழாமல் இல்லை. தட்டியவர்களும் உண்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருந்தவர்களும் உண்டு. அணியில் கண்டித் தமிழ் இளைஞர் முரளிதரன் இருந்தார். அதற்காகவே பார்த்தவர்களும் உண்டு. யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அன்று பார்த்தவர்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்திருந்தாலும், அரவிந்த ஆடிய இரண்டு ஆட்டங்களை மறந்திருக்க மாட்டார்கள்.

முதலாவது, மார்ச் 13ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் நடந்த அரையிறுதி. நாணயச் சுழற்சியில் வென்ற அசாருதீன் இலங்கையைத் துடுப்பெடுத்தாடப் பணித்தார். அந்தப் போட்டித் தொடர் முழுவதும் எதிரணிகளைக் கலங்கடித்து வந்த களுவிதாரண, ஜயசூரிய இருவரும் ஸ்ரீநாத் வீசிய முதலாவது ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள். ஓர் ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட்டுகள். மைதானம் கொள்ளாத கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே அரவிந்த உள்ளே வந்தார். எந்தப் பயிற்சியாளரும் அந்த நேரத்தில் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றுதான்: பத்து ஓவர்களுக்கு ஒன்றும் செய்யாதே, நின்று பிடி.

அவர் செய்தது வேறு. 47 பந்துகளில் 66 ஓட்டங்கள். பதினைந்தாவது ஓவரில் அனில் கும்ப்ளேயின் பந்தில் அவர் ஆட்டமிழந்தபோது அணியின் ஓட்டங்கள் 85. மற்ற எல்லோரும் உதிரிகளும் சேர்ந்து எடுத்தது 19 மட்டுமே.

இரண்டாவது, நான்கு நாட்கள் கழித்து மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த இறுதிப் போட்டி. அதற்கு முன் நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. தெரிந்திருந்தும் ரணதுங்க களத்தடுப்பைத் தேர்ந்தார். அவுஸ்திரேலியா 241. பந்துவீச்சிலும் அரவிந்தவுக்கு 42 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள். பதிலுக்கு ஆடிய இலங்கை 23 ஓட்டங்களுக்குள் இரண்டு விக்கெட்டுகளை இழந்தது. மறுபடியும் அதே நெருக்கடி. இம்முறை அவர் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்தார். சந்தித்த பந்துகள் 124. குருசிங்கவோடு 125 ஓட்ட இணைப்பாட்டம், பிறகு ரணதுங்கவோடு முறியாத 97. 22 பந்துகள் மீதமிருக்க ஏழு விக்கெட்டுகளால் வெற்றி.

கல்கத்தாவில் பாய்ந்தார், லாகூரில் பதுங்கினார் என்று இதை எழுதிவிட்டுப் போகலாம். அப்படித்தான் எழுதினார்கள். கணக்கைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

கொழும்பில் பழிவாங்கிய அந்த 37 ஓட்டங்கள் வந்தது 32 பந்துகளில். கல்கத்தாவில் புகழப்பட்ட 66 ஓட்டங்கள் வந்த வேகம் அதைவிட அதிகம். ஆகவே வேகம் குற்றமில்லை. லாகூரில் இலங்கைக்கு ஓவருக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டங்கள் தேவை. அரவிந்த எடுத்தது ஓவருக்கு ஐந்துக்குச் சற்று மேல். அதாவது நிதானம் என்று நாம் பெயர் வைத்த அந்த ஆட்டம், தேவையைவிட வேகமாகவே ஓடியிருக்கிறது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல் இன்னொன்று. கல்கத்தாவின் 66 ஓட்டங்களில் பதினான்கு நான்குகள் உண்டு. லாகூரின் 107 ஓட்டங்களில் பதின்மூன்று நான்குகள். இரண்டிலும் ஓர் ஆறு ஓட்டம்கூடக் கிடையாது! உயர்த்தி அடிப்பதற்குப் பெயர்போன மனிதர், தன் வாழ்க்கையின் இரண்டு பெரிய ஆட்டங்களில் ஒரு பந்தையேனும் எல்லைக்கு மேலாகப் பறக்க விடவில்லை. அடிக்க மறந்துவிட்டாரா என்றால் இல்லை. அதே தொடரில் கண்டியில் கென்யாவுக்கு எதிராக 145 ஓட்டங்கள் எடுத்தபோது ஐந்து ஆறுகள் அடித்தார். அங்கே எதிரணி பலவீனமானது, தவறினாலும் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். கல்கத்தாவில் முதலாவது ஓவரோடு அந்த வசதி போய்விட்டது.

எனக்குத் தெரிந்தவரை 1992க்கும் 1996க்கும் இடையில் நிகழ்ந்த மாற்றம் இதுதான். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அடிப்பதை நிறுத்தவுமில்லை. முக்கியமான வேளைகளில் பந்து வானத்துக்குப் போகாமல் புல்லோடு ஓடத் தொடங்கியது. களத்தடுப்பாளர்கள் இருவருக்கிடையே உள்ள இடைவெளி ஒன்றைத் தேர்ந்து அதனூடே அனுப்பப்படும் பந்தைப் போர்டராலும் பிடிக்க முடியாது. அடித்து ஆடுவதற்குள்ளேயே அடக்கத்தை அவர் குடியேற்றினார்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னது துடுப்பாட்டக்காரருக்கும் பொருந்தும். கல்கத்தாவில் ஆடுகளம் போகப்போகச் சிதைந்து பந்து தாறுமாறாகத் திரும்பியது. 98 ஓட்டங்களுக்கு ஒரே விக்கெட்டோடு இருந்த இந்தியா 120க்கு எட்டு விக்கெட்டுகளை இழந்தது. பார்வையாளர்கள் கலகம் செய்ய, ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. அப்படிப்பட்ட தரையில், ஆரம்ப ஓவர்களில் எடுத்த ஒவ்வோர் ஓட்டமும் பிற்பாடு எடுக்க முடியாத ஓட்டம். அங்கே நின்று பிடித்திருந்தால் அதுவே ஆபத்தாக முடிந்திருக்கும். லாகூரில் நிலைமை நேரெதிர். இரவுப் பனியில் பந்து நனைந்து, வோர்னால் அதைச் சரியாகப் பிடிக்கவே முடியவில்லை. பத்து ஓவர்களில் விக்கெட் எதுவுமின்றி 58 ஓட்டங்கள் கொடுத்தார். பொழுது போகப்போக ஆட்டம் இலங்கைக்கு எளிதாகும். அங்கே காத்திருப்பதில் நட்டமில்லை. ஒரே மனிதர், நான்கு நாள் இடைவெளியில், இடத்தையும் காலத்தையும் பார்த்து இரண்டு விதமாக ஆடியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1996இன் புகழ் பெரும்பாலும் ஜயசூரியவின் முதல் பதினைந்து ஓவர் அதிரடிக்குப் போகிறது. அவர் அப்படி ஆட முடிந்ததற்கு, பின்னால் குருசிங்கவும் அரவிந்தவும் ரணதுங்கவும் இருந்தது ஒரு காரணம். லாகூரில் குருசிங்க 99 பந்துகளில் எடுத்த 65 ஓட்டங்களை இன்று நினைப்பவர்கள் குறைவு. ஒருவருடைய துணிச்சலுக்கு இன்னொருவர் பிணை நிற்கிறார். பிணை நின்றவரின் பெயர் பத்திரத்தின் அடியில் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

இது மைதானத்தோடு முடிந்துபோகிற விடயமல்ல என்பதால்தான் எழுதத் தோன்றியது. யுத்த காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒவ்வோர் இரவும் வந்து போகும். ஒரு செய்தி கைக்கு வருகிறது. இன்றே கொட்டை எழுத்தில் போடுவதா, இன்னொரு தரப்பையும் கேட்டுவிட்டு நாளை போடுவதா? போட்டால் 'துணிச்சலான பத்திரிகை'. பொறுத்தால் 'பயந்துவிட்டார்கள்'. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களே போதுமானவை. உள்ளே இருப்பவர்களுக்குப் போதாது. எந்தச் செய்தி பொறுத்தால் கெட்டுப்போகும், எந்தச் செய்தி பொறுக்காவிட்டால் ஓர் உயிருக்கு ஆபத்தாகும் என்று பிரித்தறிவதுதான் அங்கே வேலை. எழுத்தில் மிகுந்த வேகமுள்ள மூத்த நண்பர்கள் சிலர், ஓரிரண்டு இரவுகளில் பேனாவை மூடிவைத்ததைக் கண்டிருக்கிறேன். அவர்களை யாரும் கோழை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வயது ஏற ஏற மனிதன் நிதானமாகிறான் என்பதையும் நான் முழுதாக நம்பவில்லை. அரவிந்தவின் பிந்திய ஆண்டுகள் அதைச் சொல்லவில்லை. 1997 ஏப்ரலில், 1992இன் அதே எஸ்.எஸ்.சி. மைதானத்தில், பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 138, அடுத்த இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 103. ஒரே டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் ஆட்டமிழக்காமல் சதம் பெற்ற முதலாவது வீரர் அவர். விக்கெட்டை வீசி எறிபவர் என்று பெயரெடுத்த மனிதரை ஐந்து நாட்களாக யாராலும் வீழ்த்த முடியவில்லை! 1999 செப்டெம்பரில் கண்டியில் இலங்கை டெஸ்டில் அவுஸ்திரேலியாவை முதன்முதலாக வென்றபோது, முதல் இன்னிங்ஸில் அணியின் அதிகபட்சமான 78 ஓட்டங்கள் அவருடையவை. ஏழு ஆண்டுகளுக்கு முன் நழுவியது அன்று கைக்கு வந்தது. 2002இல் பங்களாதேஷுக்கு எதிராகக் கொழும்பில் ஆடிய தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 206 எடுத்து விடைபெற்றார்.

2003 உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவில். அவருக்கு 37 வயது. செஞ்சூரியனில் அவுஸ்திரேலியா 319 ஓட்டங்களைக் குவித்துவிட்டது. அந்த இலக்கின் முன்னே பொறுமைக்கு வேலையில்லை. இளைஞர்கள் தடுமாறிய பந்துவீச்சை அடித்து நொறுக்கி 92 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் அன்று தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தவர்கள் 'மேட் மாக்ஸ் திரும்பிவிட்டார்' என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போனவர்தானே திரும்புவதற்கு? அவர் அங்கேயேதான் இருந்தார். கூப்பிட வேண்டிய வேளையில் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

மார்ச் 18ஆம் திகதி போர்ட் எலிசபெத்தில் அரையிறுதி. மறுபடியும் அவுஸ்திரேலியா. லாகூர் வெற்றிக்கு ஏழு ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தன. 11 ஓட்டங்களோடு நின்ற அரவிந்தவை அன்டி பிக்கல் தான் வீசிய பந்தைத் தானே ஓடி எடுத்து எறிந்து ரன் அவுட் ஆக்கினார். அதுவே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். உயர்த்தி அடித்தும் போகவில்லை, தடுத்து நின்றும் போகவில்லை. ஓர் ஓட்டத்துக்காக ஓடும்போது போனார். அதற்கு எந்தப் பத்திரிகையும் 'அவசரம்' என்றோ 'மந்தம்' என்றோ தலைப்பிட முடியவில்லை.